இரண்டு பட்டாளம், ஒரே சேரி

ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள். நடுவில் பன்னிரண்டே நாள். தென்காசி மாவட்டத்தில் பல ஆண்டுகளாக இந்த நாட்களைச் சேர்த்து தடை உத்தரவு போடுகிறார்கள். ஒரே படையில் நின்று ஒரே எதிரியோடு மோதிய இரண்டு பேருக்கு மாலை போட, இன்று தனித்தனி வண்டி, தனித்தனி நேரம், தனித்தனி போலீஸ் பாதுகாப்பு.

இந்த நாட்கள் வரும்போதெல்லாம் நம் இளைஞர்களிடம் இரண்டு குரல் கேட்கிறது. "வெள்ளைக்காரனை எதிர்த்து முதலில் செத்தது நம் பாட்டன்தான்" என்பது ஒன்று. "வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்ததால்தான் நம் பாட்டன் தலை நிமிர்ந்தான்" என்பது இன்னொன்று. ஒருவர் நெற்கட்டும்செவலைக் காட்டுகிறார், மற்றவர் பீமா கோரேகானைக் காட்டுகிறார். இரண்டும் மெய்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நமக்குத் தேவையான கேள்வி கிடைக்கும். அந்தப் பட்டாளத்திலும் சரி, இந்தப் பட்டாளத்திலும் சரி, சண்டை போட்டுத் திரும்பியவனுக்குச் சேரியில் என்ன மாறியது?

சாலையோரக் கோட்டைகள்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. மேற்கே மலை, கிழக்கே கண்மாயும் வயலும். 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சாலை பாளையங்களின் சாலை. சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான் எல்லாம் தனித்தனிப் பாளையங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த கோட்டை அந்தக் காலச் சண்டைகளில் கை மாறிக்கொண்டே இருந்தது. மதுரையிலிருந்து தெற்கே படை நகர்த்துகிற எவனுக்கும் அது வேண்டும்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி பெயருக்கு அரசர். அவர் கம்பெனியிடம் கடன்பட்டிருந்தார். கடனை அடைக்க பாளையங்களிடம் கப்பம் வாங்க வேண்டும், கப்பம் வாங்கப் படை வேண்டும். அந்தப் படையைக் கம்பெனி தரும், அதற்கான செலவும் நவாப் கணக்கில் கடனாக ஏறும். கடன் கொடுத்தே ஒரு நாட்டைப் பிடிக்கும் தந்திரம் இது. நவாபின் பெயரில் சண்டை, கம்பெனிக்கு நிலம்.

அதை எதிர்த்து நின்றவர்களில் நெற்கட்டும்செவல் பூலித்தேவன் முக்கியமானவர். அவர் படையில் அருந்ததியரான ஒண்டிவீரனும், பள்ளரான வெண்ணிக்காலாடியும் தளபதிகளாக இருந்தார்கள் என்பது மக்கள் வழக்கு. தென்மலையில் இருந்த எதிரி முகாமுக்குள் ஒண்டிவீரன் தனியாகப் புகுந்து பீரங்கியைத் திருப்பி வைத்தார், அந்த வேலையில் ஒரு கையையே இழந்தார் என்று கதைப்பாட்டு சொல்கிறது. வாசுதேவநல்லூர்ச் சண்டையில் சரிந்த குடலைத் தலைப்பாகைத் துணியால் கட்டிக்கொண்டு வெண்ணிக்காலாடி போரிட்டார் என்று சொல்கிறார்கள். காலாடி மேடு என்ற பெயர் அவர் நினைவாகவே நிற்கிறது.

கம்பெனியின் காகிதங்களில் இந்தப் பெயர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். துபாஷிகள் சொன்னதை வெள்ளை அதிகாரிகள் எழுதினார்கள். பாளையக்காரர் பெயர் வரும், அவருக்குக் கீழே நின்றவன் பெயர் வராது. எழுதுகோல் நம்மிடம் இல்லாத காலத்தில் பாட்டும் நடுகல்லும்தான் நம் ஆவணம். பாட்டில் மிகை இருக்கும், அதையும் அறிந்தே படிக்க வேண்டும். ஆனால் அருந்ததியரும் பள்ளரும் அந்தச் சண்டைகளில் நின்றார்கள் என்பதை இத்தனை தலைமுறை மனப்பாடமாக வைத்திருப்பதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

கும்மந்தான் கான்சாகிப்

இந்தப் பக்கம் பூலித்தேவன் படை என்றால், அந்தப் பக்கம் வந்த கம்பெனிச் சிப்பாய்களும் தமிழர்கள்தான். அவர்களின் தலைவர் யூசுப் கான். மக்கள் வாயில் மருதநாயகம், கும்மந்தான் கான்சாகிப். ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கியவர். 1754இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதி ஆனார். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது அவர்களுக்கு வெளியிலிருந்து தொல்லை கொடுத்து முற்றுகையை உடைக்க உதவினார். 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய பூலித்தேவன் கோட்டைகள் விழுந்தது இவர் கையால்தான்.

அவ்வளவு உழைத்தவருக்குக் கிடைத்தது என்ன? வேலை முடிந்ததும் நவாபுக்கு அவர் ஆபத்தாகத் தெரிந்தார். கம்பெனிக்கும் ஒரு தமிழன் தனி ஆட்சி நடத்துவது பிடிக்கவில்லை. கான்சாகிப் பணிய மறுத்தார், பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். தான் பயிற்சி கொடுத்த படையே மதுரையைச் சுற்றி வளைத்தது. கோட்டையை வெளியிலிருந்து பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்த சொந்த அதிகாரிகளே சதி செய்து பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு வெளியே சம்மட்டிபுரத்தில் தூக்கில் போட்டார்கள். இன்றும் அங்கே அவர் அடக்கத்தலம் இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்ற ஊர் அவர் பெயரால் வந்தது என்பார்கள்.

பேரரசுக்குள் மேலே ஏறலாம், ஆனால் ஏணி எப்போதும் அவர்கள் கையில்தான் இருக்கும் என்பதற்குத் தென் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

கணக்கில் சொத்தாக வந்தவர்கள்

இந்தச் சண்டைகளுக்குக் கீழே இன்னொரு உலகம் இருந்தது. பூலித்தேவன் தோற்றாலும் கான்சாகிப் தோற்றாலும் அந்த உலகத்தில் வேலை நேரம் மாறவில்லை. பண்ணையாள், படியாள் என்று அழைக்கப்பட்ட பறையரும் பள்ளரும் நிலத்தோடு விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள், சீதனமாகவும் கொடுக்கப்பட்டார்கள். கூலி நெல்லாக வந்தது. ஓடிப்போனால் பிடித்து வர ஆள் அனுப்பினார்கள்.

1801இல் பாளையங்களை முழுவதும் அடக்கிய கம்பெனி கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைப் பிடுங்கியது. பணிந்த பாளையங்கள் ஜமீன்களாயின. சிவகிரியும் சேத்தூரும் அப்படித்தான் தொடர்ந்தன. ஆட்சி புதிது, நில உறவு பழையது. 1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றி ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டது. அறிக்கைகள் வந்தன, முறையை அப்படியே விட்டார்கள். பண்ணையாள் போய்விட்டால் வயல் தரிசாகும், வயல் தரிசானால் வரி குறையும். அடிமைத்தனத்தை நீதிமன்றம் ஏற்காது என்ற சட்டம் வந்தது 1843இல். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று தண்டனைச் சட்டம் சொன்னது 1860இல்.

வெள்ளையன் வந்துதான் நாம் நிலமற்றவர்கள் ஆனோம் என்று இன்றும் மேடையில் பேசுகிறார்கள். தர்மா குமார் 1965இல் வெளியிட்ட தென்னிந்திய நிலமும் சாதியும் பற்றிய ஆய்வைப் படியுங்கள். ஆங்கிலேயருக்கு முன்பே சாதியால் கட்டப்பட்ட பெரும் நிலமற்ற உழைப்பாளர் கூட்டம் இங்கே இருந்ததை அவர் காட்டினார்.

உடுப்பு கொடுத்த மரியாதை

அந்தச் சேரியிலிருந்து பார்த்தால் கம்பெனிப் பட்டாளம் வேறு மாதிரித் தெரிந்திருக்கும். மாதச் சம்பளம் பணமாக. ஓய்வூதியம். காலில் செருப்பு, தோளில் துப்பாக்கி. அவன் அந்த உடுப்போடு ஊர்த் தெருவில் நடந்தால் தடுப்பவன் யோசிக்க வேண்டும். சென்னை ராணுவத்தில் பறையர்கள் தொடக்கம் முதலே இருந்தார்கள். 1780இல் தொடங்கிய பயனியர் படைதான் பின்னாளில் சென்னை சாப்பர்ஸ் ஆனது. பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, எதிரிக் கோட்டை மதிலுக்கு அடியில் பள்ளம் தோண்டுவது அதன் வேலை. அதில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நிறைய இருந்தார்கள். மண்வெட்டியை நம் கையில் கொடுத்தது சாதி. அதே மண்வெட்டியோடு அவர்கள் கடல் தாண்டியும் போரிட்டார்கள்.

மராட்டியத்தில் மகர்களுக்கும் இதே கதைதான். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர்கள் கணிசமாக இருந்தார்கள். நினைவுத்தூணில் உள்ள 49 பெயர்களில் 22 மகர்களுடையவை. அங்கே 1927இல் அண்ணல் அம்பேத்கர் போனார். அவர் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். அம்பேத்கர் பிறந்ததே மாவ் ராணுவ முகாமில்தான். பட்டாளத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, பெரியவர்களும் எழுதப் படிக்கக் கற்றார்கள். துப்பாக்கியைவிட அந்தக் கரும்பலகை நமக்குப் பெரிய ஆயுதமாக ஆனது.

அதற்காகப் பட்டாளத்தைச் சமத்துவபுரம் என்று நினைக்க வேண்டாம். சம்பளத்திலும் பதவியிலும் வெள்ளையனே மேலே. 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் எழுந்தார்கள். தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை, மத அடையாளங்களுக்குத் தடை என்று உத்தரவுகள் பல. அன்றே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து எழுச்சியை நசுக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

கதவு சாத்திய கதை

1857க்குப் பின் ஆங்கிலேயர் புதிய கணக்குப் போட்டார்கள். சில சாதிகள் "போர் வீரச் சாதிகள்", மற்றவர்கள் லாயக்கற்றவர்கள். சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும் பின்பு இந்தியா முழுமைக்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் தென்னிந்தியர்கள் சண்டைக்கு ஆகாதவர்கள் என்று நம்பினார். சென்னைக் காலாட்படைகள் குறைக்கப்பட்டன. 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நின்றது. தீண்டத்தகாதவனுக்குப் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்ற உயர்சாதிச் சிப்பாயைத் திருப்திப்படுத்துவது பேரரசுக்கு எளிதாக இருந்தது. நாட்டைப் பிடிக்கும்போது வேண்டியிருந்த கை, பிடித்த பிறகு தீட்டாகிவிட்டது.

ஓய்வுபெற்ற ராணுவ வீரர் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே மனு அனுப்பினார். முதல் உலகப்போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது, 1917இல் மகர் படைப்பிரிவு உருவானது. போர் முடிந்ததும் அது கலைந்தது. அடுத்த உலகப்போர் வந்தது, 1941இல் மகர் ரெஜிமெண்ட் வந்தது. பிணம் விழும் காலத்தில் திறக்கும் கதவு, சமாதான காலத்தில் மூடிக்கொண்டது. இந்தத் துரோகத்தை அம்பேத்கர் ஆங்கிலேயர் முகத்துக்கு நேராகவே எடுத்துச் சொன்னார்.

மற்ற நாடுகளோடு ஒப்பிடுங்கள். 1795 முதல் 1808 வரை பிரிட்டன் தன் மேற்கிந்தியப் படைகளுக்காகச் சுமார் 13,400 ஆப்பிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கியது. 1807இல் ஒரு சட்டம் வந்து, அந்தப் படையில் இருந்த கறுப்பின வீரர்கள் எல்லோரும் சுதந்திர மனிதர்கள் என்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் போரிட்டு அடிமைமுறையை வீழ்த்த உதவினார்கள். நிறவெறி அங்கே இன்னும் இருக்கிறது. ஆனாலும் சிப்பாய் ஆனவன் அடிமை இல்லை என்று சட்டம் சொல்லவைத்தார்கள். இங்கே சிப்பாய் ஊர் திரும்பினால் மறுபடியும் சேரிக்குத்தான் போக வேண்டும். அடிமைச் சீட்டைக் கிழிக்கலாம். சாதிக்குச் சீட்டே கிடையாது, ஊரே அதன் சீட்டு.

ஒரு பேருந்தின் பெயர்

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் 1997க்கு வாருங்கள். கட்டபொம்மனின் படையில் இருந்து 1799இல் உயிர் கொடுத்தவர் என்று போற்றப்படும் வீரன் சுந்தரலிங்கம், ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரியைச் சேர்ந்த பள்ளர். அந்த ஆண்டு மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் உட்படத் தென்மாவட்டங்களில் கலவரம் பரவியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. அதுவரை காமராசர், கட்டபொம்மன், வ.உ.சி. பெயர்கள் ஓடியபோது யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. ஒரு தலித் வீரனின் பெயர் வந்ததும் பெயர் வைக்கும் வழக்கமே முடிவுக்கு வந்தது.

வெள்ளையனை எதிர்த்துச் செத்தவனுக்கும் இந்த நாட்டில் பேருந்தில் இடமில்லை. வெள்ளையனுக்காகச் செத்தவனுக்கும் அவன் பட்டாளத்தில் நிரந்தர இடமில்லை. தோழர்களே, இரண்டு பட்டாளத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்று ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. 2022இல் அஞ்சல்தலையும் வந்தது. போராடிப் பெற்றவை, வேண்டியவை. ஆனால் தேர்தல் வரும்போது கட்சிகள் நம் பாட்டன்களுக்கு மாலை போடுவதும், போர் வரும்போது பேரரசு நம் பாட்டன்களுக்கு உடுப்புப் போட்டதும் ஒரே கணக்குதான். மாலை போட வருகிறவரிடம் நாம் பஞ்சமி நிலத்தைக் கேட்க வேண்டும். 1892 அரசாணையில் ஒதுக்கத் தொடங்கிய அந்த நிலங்கள் உங்கள் வட்டத்தில் எத்தனை ஏக்கர், இப்போது யார் கையில் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பள்ளருக்கு ஒரு வீரன், அருந்ததியருக்கு ஒரு வீரன், பறையருக்கு ஒரு பட்டாளம் என்று நமக்குள் பங்கு பிரித்துக்கொண்டு சண்டை போடுவதை நிறுத்துங்கள். அந்த மூன்று சாதியையும் ஒரே வயலில் கட்டிப் போட்டவன் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் உட்கார்ந்து கதைப்பாட்டைப் பதிவு செய்யுங்கள். கண்மாய்க் கரையில் நிற்கும் நடுகல்லைப் படம் எடுங்கள். பழைய ராணுவ ஓய்வூதியக் காகிதம் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள். நம்மைப் பற்றி அடுத்தவன் எழுதாமல் விட்டதை நாம் எழுதினால்தான், அடுத்த ஆகஸ்டில் தடை உத்தரவுக்கு நடுவே நின்று யார் பாட்டன் பெரியவன் என்று கேட்காமல், அந்தப் பாட்டன் உழுத நிலம் எங்கே என்று கேட்க முடியும்.