கைவேகத்தைப் பிரித்துப் பார்த்த கணக்கு

வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியில் இன்று ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் தெரிந்த கைகளுக்குத்தான் மவுசு. பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்களில் யாருக்குத் தையல் சீக்கிரம் படியும் என்று கேட்டால், "அந்தப் புள்ளைக்கு நல்ல கைவேகமுங்க" என்பார்கள். அந்தக் கைவேகம் ஒரே திறமையா, பல திறமைகளின் கூட்டா? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கக் காசு செலவழித்தது அமெரிக்க விமானப்படை.

இரண்டாம் உலகப் போரில் விமானி வேலைக்கு வந்த இளைஞர்களை உட்காரவைத்து, எரியும் விளக்குகளுக்கு ஏற்பக் கைப்பிடியையும் கால்மிதியையும் நகர்த்தச் சொன்னார்கள். தேறாதவரைத் தரையிலேயே கழித்துவிட்டால் விமானம் மிச்சம், உயிரும் மிச்சம். ஆலைகளுக்கு ஆள் எடுக்க, பர்டூ பல்கலைக்கழகத்தின் ஜோசப் டிஃபின் ஒரு பலகை செய்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு 25 துளை. 30 விநாடியில் எத்தனை முளைகளைச் செருகுகிறோமோ அதுவே மதிப்பெண். 1948இல் அதன் அளவுகோல்கள் அச்சில் வந்தன.

சோதனைகள் பெருகின, எது எதை அளக்கிறது என்பதுதான் புரியவில்லை. 1950களில் விமானப்படையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்வின் ஃப்ளைஷ்மன், ஒரே ஆட்களுக்குப் பல சோதனைகளை வைத்து, எந்த மதிப்பெண் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்தார். சேர்ந்தே நகரும் சோதனைகளுக்கு அடியில் ஒரு பொதுத் திறமை இருக்க வேண்டும். புத்திக்கூர்மையை ஆராய 1904இல் உளவியலாளர் ஸ்பியர்மன் தொடங்கிவைத்த காரணிப் பகுப்பாய்வு இது. அதைக் கைக்கும் காலுக்கும் போட்டபோது, விரல் நுணுக்கம் வேறாகவும், முழுக்கையின் லாவகம் வேறாகவும், நடுங்காமல் பிடிப்பது வேறாகவும் பிரிந்து நின்றன. இப்படிப் பதினொரு திறமைகள். எத்தனை கட்டாகப் பிரிப்பது, எதற்கு என்ன பேர் வைப்பது என்பதில் கணக்குப் போட்டவரின் முடிவும் கலந்திருக்கிறது. அதனால் அந்தப் பதினொன்றை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை.

1954இல் ஃப்ளைஷ்மனும் வால்டர் ஹெம்பலும் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். ஆரம்பத்தில் இடத்தையும் திசையையும் புரிந்துகொள்ளும் திறமைகள் கைகொடுத்தன. பழகப் பழக அவற்றின் பங்கு குறைந்தது. அசைவின் வேகமும், அந்த வேலைக்கு மட்டுமே உரிய ஏதோ ஒன்றும் மேலே வந்தன. அப்படியென்றால், ஒரு பெண் பேட்லாக்கில் சில மாதம் உட்கார்ந்தபின் எத்தனை பீஸ் எடுப்பாள் என்பதை, முதல் நாள் செருகிய முளைகளை மட்டும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆள் எடுக்கிறவருக்குப் பலகைதான் வசதி. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.