இரு கணக்குகளில் ஒருவர்

1994, ஜகார்த்தா. மகளிர் இறகுப்பந்து அணிகளுக்கான யூபர் கோப்பை இறுதி. இந்தோனேசியாவும் சீனாவும் இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலையில் நிற்க, கடைசி ஆட்டத்துக்குக் களமிறங்கியவர் பதினான்கே வயதான மியா ஔதினா. எதிரே சாங் நிங். சிறுமி வென்றார், 1975-க்குப் பின் கோப்பை இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. சீனாவை வீழ்த்திய மியாவும் சீன வம்சாவளியினரே. தம் குடியுரிமையைத் தனிச் சான்றிதழ் காட்டி அவ்வினத்தார் மெய்ப்பிக்க வேண்டியிருந்த காலம் அது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெள்ளி. 1999-இல் டச்சுக்காரர் ஒருவரை மணந்து நெதர்லாந்தில் குடியேறினார். நாடு நீங்கியது மணத்தின் பொருட்டே. எனினும், சான்றிதழ் கேட்ட நாட்டின் சார்பில் நின்றுகொண்டு அவரது தேசப்பற்றை அளப்பது (விளையாட்டு ரசிகர்களுக்கு இது கைவந்த கலை) நமக்கு முறையாகத் தோன்றவில்லை.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் மீண்டும் சாங் நிங். முதல் ஆட்டம் 11-8 என மியாவுக்கு. அடுத்த இரண்டையும் 11-6, 11-7 எனச் சாங் நிங் கைப்பற்றினார். பத்தாண்டுப் பழைய கணக்கு தீர்ந்தது. ஆனால் பதக்கப் பட்டியலில் இக்கதைக்கு இடமில்லை: ஒரு வெள்ளி இந்தோனேசியாவின் பெயரில், மற்றது நெதர்லாந்தின் பெயரில். நாடுவாரியாக எழுதப்படும் வரலாறு ஒருவரை இருவராக்கிவிடுகிறது. 2006-இல் மியா ஓய்வுபெற்றார். சாங் நிங் 2008-இல் பெய்ஜிங்கில் மீண்டும் தங்கம் வென்றார்.