பிரெஞ்சு இமர்ஷன்: புதிதாகச் சேரும் வீடுகளுக்கு ஒரு பழைய கதை

ஒன்டாரியோவில் ஹைஸ்கூல் 9ஆம் வகுப்பில் தொடங்குகிறது. அதற்கு முன்பே பள்ளிகள் புதுக் குடும்பங்களை ஒரு மாலை கூப்பிட்டு உட்காரவைத்து விவரம் சொல்வது வழக்கம். பிரெஞ்சு இமர்ஷன் உள்ள பள்ளி என்றால் அங்கே எழும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். எங்களுக்கு பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது, பிள்ளைக்கு எப்படி உதவுவது? இங்கிலீஷ் கெட்டுப்போகாதா? சயின்ஸும் சரித்திரமும் பிரெஞ்சில் படித்தால் மார்க் குறையாதா?

மூன்று கேள்விக்கும் அறுபது வயது ஆகிறது. முதலில் கேட்டவர்கள் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியாலுக்கு எதிர்க்கரையில் உள்ள சான் லாம்பேர் என்ற சின்ன ஊர்க்காரர்கள். அந்தக் கதை தெரிந்தால் இன்றைய கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதிதான் நம்மாட்களுக்கு முக்கியம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1960களின் கியூபெக்கை நினைத்துப் பாருங்கள். ஜனத்தொகையில் பெரும்பான்மை பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் பெரிய கம்பெனிகளில் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் இங்கிலீஷ்காரர்கள். 1960இல் ழான் லெசாஜ் ஆட்சிக்கு வந்தபின் இந்த நிலைமை மாறத் தொடங்கியது. இனி பிரெஞ்சு தெரியாமல் இங்கே பிழைக்க முடியாது என்பது இங்கிலீஷ் வீடுகளுக்கும் மெல்லப் புரிந்தது.

சிக்கல் பள்ளியில் இருந்தது. கியூபெக்கில் அப்போது பள்ளி வாரியங்கள் மத அடிப்படையில் பிரிந்திருந்தன. பிரெஞ்சுப் பள்ளி என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கம், இங்கிலீஷ் பள்ளி என்றால் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். இங்கிலீஷ் பள்ளியில் பிரெஞ்சு தினமும் ஒரு பீரியட். இலக்கணம், சொற்பட்டியல், மனப்பாடம். பன்னிரண்டு வருஷம் படித்து வெளியே வந்தவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரோடு நாலு வாக்கியம் பேச வராது. (நம்மூரில் இந்தி பிரவேசிகா வரை பாஸ் செய்துவிட்டு டெல்லி ஸ்டேஷனில் முழிப்போமே, அதே மாதிரி.)

1963இல் சான் லாம்பேரில் சில பெற்றோர் கூடிப் பேசினார்கள். முன்னால் நின்றவர்கள் மூன்று அம்மாக்கள்: ஓல்கா மெலிகாஃப், மூரியல் பார்க்ஸ், வலெரி நீல். இவர்கள் யாரும் கல்வித்துறை அதிகாரி இல்லை. கேட்டது ஒன்றுதான்: பிரெஞ்சை ஒரு பாடமாக நடத்தாதீர்கள், பாடங்களைப் பிரெஞ்சில் நடத்துங்கள். வாரியத்துக்கு இது பிடிக்கவில்லை. அம்மாக்கள் விடவில்லை. மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டையும், மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டையும் போய்ப் பார்த்தார்கள். லாம்பர்ட் அப்போதுதான், 1962இல், எலிசபெத் பீல் என்பவரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார். மான்ட்ரியாலின் பத்து வயது இருமொழிப் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் ஒருமொழிப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள் என்பது அதன் முடிவு. இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வாரியம் கடைசியில் அரைமனதாக ஒத்துக்கொண்டது. 1965 செப்டம்பரில் 26 பிள்ளைகளோடு ஒரே ஒரு மழலையர் வகுப்பு தொடங்கியது. டீச்சர் பேசுவது முழுக்க பிரெஞ்சு. முதலில் படிக்க, எழுதக் கற்றதும் பிரெஞ்சில்தான். இங்கிலீஷ் 2ஆம் வகுப்பில்தான் சின்ன அளவில் நுழைந்தது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, தொடக்கப்பள்ளி முடியும்போது ஏறக்குறைய பாதிப் பாதி ஆனது.

லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை வருஷா வருஷம் சோதித்து 1972இல் புத்தகமாகப் போட்டார்கள். ஒரு பக்கம் சாதாரண இங்கிலீஷ் வகுப்பு, இன்னொரு பக்கம் சாதாரண பிரெஞ்சு வகுப்பு என இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் வருஷங்களில் இங்கிலீஷ் வாசிப்பு பின்தங்கியது. இங்கிலீஷ் பாடம் தொடங்கியதும் இடைவெளி சீக்கிரமே மூடிக்கொண்டது. கணக்கைப் பிரெஞ்சில் படித்தும் அதில் குறையவில்லை. பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

முதல் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இந்த ஏற்பாடே பிரெஞ்சு பேசாத வீடுகளுக்காகப் போட்டது. இதையும் பிரெஞ்சுமொழிப் பள்ளியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்டாரியோவில் பிரெஞ்சுமொழி வாரியங்கள் தனி. அவை பிரெஞ்சுச் சிறுபான்மையினரின் உரிமை, 1982 சாசனத்தின் 23ஆம் பிரிவு காப்பது. இமர்ஷன் நடப்பது இங்கிலீஷ் வாரியங்களுக்குள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1965இல் மழலையர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, கியூபெக்கில் பள்ளிப்படிப்பின் கடைசியான 11ஆம் வகுப்பை முடிப்பது 1977இல். பிரெஞ்சை வேலையிடத்துக்கும் பள்ளிக்கும் மொழியாக்கிய 101ஆம் சட்டம் அதே ஆகஸ்டில்தான் நிறைவேறியது. கனேடியன் பேரன்ட்ஸ் ஃபார் ஃபிரெஞ்ச் என்ற பெற்றோர் அமைப்பு பிறந்ததும் அதே ஆண்டு. இன்று கனடாவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இமர்ஷனில் படிக்கிறார்கள்.

சரி, எல்லாம் வெற்றிதானா? இல்லை. ஹைஸ்கூலில்தான் சறுக்கல். மேல் வகுப்பு ஏற ஏறப் பிள்ளைகள் கழன்றுகொள்கிறார்கள். பல்கலைக்கழக மார்க் பயம், பிரெஞ்சில் நடத்த ஆசிரியர் பற்றாக்குறை, பிடித்த பாடம் இங்கிலீஷில் மட்டும் கிடைப்பது என்று காரணங்கள் பல. ஒன்டாரியோ டிப்ளமாவுக்கு வேண்டிய 30 கிரெடிட்டில், இமர்ஷன் சான்றிதழுக்கு 10 பிரெஞ்சில் இருக்க வேண்டும்: 4 பிரெஞ்சு மொழிப்பாடம், 6 வேறு பாடங்கள். ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி, "11, 12ஆம் வகுப்புகளில் அந்த 6க்கு எந்தெந்தப் பாடம் வருஷா வருஷம் நிஜமாகவே நடக்கிறது?" என்பதே.

நடுவில் விட்டால் என்ன போச்சு என்றும் கேட்கலாம். டொரன்டோ ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் காட்டியது இது: இமர்ஷன் பிள்ளைகள் கேட்பதில் கெட்டி, பேசுவதிலும் எழுதுவதிலும் தப்பு தங்கிவிடுகிறது. வகுப்பில் நிறையக் கேட்கிறார்கள், ஒற்றை வரியில் பதில் சொல்கிறார்கள். பிரெஞ்சிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. வகுப்பிலேயே வளர்ந்த பிள்ளை பெரியவரிடமும் "நீ" என்றே பேசிவிடும். இதெல்லாம் சரியாவது வாதாடவும் கட்டுரை எழுதவும் வேண்டிய பெரிய வகுப்புகளில்தான். அங்கே விட்டால் மொழி பத்து வயசுக் குழந்தையின் அளவிலேயே நின்றுபோகும்.

இப்போது அந்த மீதிப் பாதி. சான் லாம்பேரைக் காட்டி, "பார்த்தீங்களா, வேற மொழியில படிச்சா ஒண்ணும் ஆகாது" என்று தமிழ்நாட்டில் எல்.கே.ஜி. முதல் இங்கிலீஷ் மீடியத்துக்கு வாதாடுபவர்கள் உண்டு. லாம்பர்ட்டே அதை ஒத்துக்கொள்ள மாட்டார். 1970களில் அவர் இருமொழியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். சான் லாம்பேர் பிள்ளைகளின் இங்கிலீஷுக்கு வீடு, டிவி, கடை, வேலை எல்லாம் பின்பலம். பிரெஞ்சு அதன்மேல் கூடியது. வகுப்பில் எல்லாருமே பிரெஞ்சில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். டீச்சருக்குப் பிள்ளையின் மொழி புரியும். இந்த நிபந்தனைகள் இல்லாத இடத்தில், பின்பலமில்லாத வீட்டுமொழியைப் பள்ளிமொழி தின்றுவிடும். அதுதான் கழித்தல்.

ஸ்கார்பரோவிலோ மார்க்கமிலோ உள்ள தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சு மூன்றாவது மொழி. இங்கிலீஷுக்கு ஆபத்தில்லை. கழியக்கூடியது தமிழ்தான். "முதலில் இங்கிலீஷ் பிடிபடட்டும், பிறகு பிரெஞ்சு, தமிழெல்லாம் அப்புறம்" என்று சொல்லும் வீடுகளுக்கு ஸ்வெய்ன் குழுவின் இன்னொரு ஆய்வு உண்டு. 1990இல் வந்தது. டொரன்டோ கத்தோலிக்க வாரியத்தில் பாதி இங்கிலீஷ், பாதி பிரெஞ்சு என்று படித்த 8ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். வீட்டுமொழியை எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், வெறுமனே பேச மட்டும் தெரிந்தவர்களைவிடப் பிரெஞ்சில் நன்றாகச் செய்தார்கள்.

ஒன்டாரியோ பள்ளி வாரியங்களின் வீட்டுமொழி வகுப்புகளுக்கு அடித்தளமான மரபுமொழித் திட்டம் தொடங்கியதும் அதே 1977இல்தான். ஹைஸ்கூல் கெடுபிடி வந்ததும் வீடுகளில் முதலில் வெட்டுப்படுவது சனிக்கிழமை தமிழ் வகுப்பு. பிரெஞ்சுக்கு நேரம் வேண்டும் என்பதுதான் சொல்லும் காரணம். ஆய்வைப் பார்த்தால், பிரெஞ்சு நன்றாக வரவேண்டும் என்பதற்காகவே அந்த வகுப்பை விடக்கூடாது.