பன்னிரண்டு மூட்டை எட்டு கிலோ

எங்கள் பழைய ரெமிங்டன் டைப்ரைட்டரில் ஆச்சரியக்குறிக்குத் தனிச் சாவி கிடையாது. ஒற்றை மேற்கோளை அடித்து, பேக்ஸ்பேஸ் தட்டி, அதே இடத்தில் புள்ளி வைத்தால் ஆச்சரியக்குறி ஆகிவிடும். லோயர், ஹையர் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது எப்போதாவது வருகிற சங்கதி. ஆனால் 1980களின் பிற்பாதியில் அண்ணனுக்காக நான் அடித்துக் கொடுத்த தாள்களில் வரிக்கு வரி அந்தக் குறி வந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஃபோர்த் என்ற கணினி மொழியில் அதற்கு, இந்த எண்ணைக் கொண்டுபோய் நினைவகத்தில் இன்ன இடத்தில் வை என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், நான் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த மேற்கோளும் புள்ளியும்கூட அந்த மொழியில் தனித்தனிக் கட்டளைகள்.

தருமபுரியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒரு மாடியில் இருந்தது. அண்ணனுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது தருமபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே எஸ்.பி. ரோட்டில் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அப்படித்தான் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஒன்று வீட்டுக்கு வந்தது. 1982இல் பிரிட்டனில் வெளியான வீட்டுக் கணினி அது. 48 கே நினைவகம், ரப்பர் சாவிகள், டி.வி.தான் திரை, டேப் ரெக்கார்டர்தான் கிடங்கு. அதன் சிக்னல் யு.எச்.எஃப். 36ஆம் சேனலில் வரும். எங்கள் கறுப்பு வெள்ளை டி.வி.யோ வி.எச்.எஃப். மட்டும் அறிந்தது. அண்ணன் இரண்டின் மூடியையும் கழற்றி, வீடியோ சிக்னலை நேராக ஒயர் வைத்து சால்டர் செய்தார். அன்றிலிருந்து டி.வி.யில் ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி பார்ப்பதற்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

மெஷினோடு ஒரு கேசட்டும், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன ஒரு கட்டுத் தாளும் வந்தன. கேசட்டில் இருந்தது அபர்சாஃப்ட் ஃபோர்த். தாள்கள், அமெரிக்காவில் ஃபோர்த் இன்ட்ரஸ்ட் குரூப் என்ற ஆர்வலர் சங்கம் அச்சிட்ட கையேட்டின் பக்கங்கள்.

அந்தச் சங்கத்தின் கதையைச் சொல்ல 1975க்குப் போக வேண்டும். ஆல்டேர் 8800 என்ற கணினிக் கிட் வந்த வருஷம் அது. வாங்கியவர்களுக்கு அதில் பேச ஒரு மொழி தேவைப்பட்டது. பில் கேட்ஸும் பால் ஆலனும் அதற்கு பேசிக் எழுதினார்கள். ஆர்வலர்கள் காகித நாடாவில் பிரதி எடுத்து ஆளுக்கு ஆள் கொடுத்தார்கள். 1976 பிப்ரவரியில் கேட்ஸ், நீங்கள் செய்வது திருட்டு என்கிற தொனியில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே சமயத்தில் கலிபோர்னியாவில் டென்னிஸ் ஆலிசன் போன்றவர்கள், நமக்கு நாமே ஒரு சின்ன பேசிக் எழுதிக்கொள்வோம் என்று கிளம்பி, அதைப் பத்திரிகையிலேயே வரி வரியாக அச்சிட ஆரம்பித்திருந்தார்கள். அதில் லி-சென் வாங் எழுதிய பதிப்பின் தலைப்பில் காபிரைட் இருக்க வேண்டிய இடத்தில் காபிலெஃப்ட் என்றும், உரிமைகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை என்பதற்குப் பதில் தவறுகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை என்றும் போட்டிருந்தது.

ஃபோர்த் இந்த வீட்டுக் கணினிக்காரர்களிடம் பிறந்ததல்ல. சார்ல்ஸ் மூர் என்பவர் 1960களில் தன் சொந்த வசதிக்காகப் போகுமிடமெல்லாம் கூடவே எடுத்துச்சென்று வளர்த்த மொழி. நான்காம் தலைமுறை என்பதால் ஃபோர்த் என்று பெயர் வைக்க நினைத்தார். அவர் வேலை செய்த ஐ.பி.எம். 1130இல் கோப்பின் பெயர் ஐந்து எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஆங்கிலத்தில் ஆறெழுத்தான சொல்லில் ஒன்று உதிர்ந்தது. பிறகு அரிசோனாவில் கிட் பீக் மலையில் இருந்த ரேடியோ தொலைநோக்கியை இயக்கவும் தரவு சேர்க்கவும் அதைப் பயன்படுத்தினார். அங்கே அதைக் கற்றுக்கொண்ட எலிசபெத் ராதர் இந்த மொழியின் இரண்டாவது புரோகிராமர். வானியலாளர்கள் மத்தியில் ஃபோர்த் பரவி, 1976இல் சர்வதேச வானியல் ஒன்றியமே அதை ஏற்றது. 1973இலேயே மூரும் ராதரும் கம்பெனி தொடங்கி விற்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் வீட்டில் கிட் வைத்திருந்தவனுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

1978இல் பில் ராக்ஸ்டேல், கிம் ஹாரிஸ் முதலான சிலர் வட கலிபோர்னியாவில் கூடி ஆரம்பித்ததுதான் ஃபோர்த் இன்ட்ரஸ்ட் குரூப், சுருக்கமாக ஃபிக். 8080, 6502, 6800 என்று கிடைத்த சில்லுகளுக்கெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்து எழுதி, மூல நிரலை முழுதாகப் புத்தகமாக அச்சிட்டார்கள். பொதுச் சொத்து, எங்கள் பெயரையும் முகவரியையும் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்றார்கள். சான் கார்லோஸ், தபால் பெட்டி எண் 1105. அந்த முகவரியை நானே எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன்.

ஒரு மொழியைத் தாளில் வைத்து எப்படிக் கொடுப்பது? அது சின்னதாக இருந்தால் முடியும். ஃபோர்த்தில் சில்லுக்குச் சில்லு மாறுகிற பகுதி மிகவும் கொஞ்சம். மீதியெல்லாம் ஃபோர்த்திலேயே எழுதப்பட்டது. மொழிபெயர்ப்பி, எடிட்டர், அகராதி அனைத்தும் சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். பேசிக்கைவிடப் பல மடங்கு வேகம். நம் பாலிடெக்னிக்குகளில் பதினாறடிமான எண் விசைப்பலகையோடு இருந்த 8085 கிட்டில்கூட 8080க்கான அந்த நிரல் ஓடும், போதுமான நினைவகம் இருந்தால். பெரும்பாலான கிட்டுகளில் அது இருக்காது என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூட வழியாக வந்தது பேசிக்தான். 1984இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. நல்ல மெஷின், அருமையான பேசிக். ஆனால் பூட்டிய அறை, வாரத்துக்கு ஒரு பீரியட். ஃபோர்த் வாத்தியார் வழியாக வரவில்லை. அண்ணனைப் போன்றவர்கள் வழியாக, கேசட்டிலும் தாளிலும் வந்தது.

கேசட் எளிது. பாட்டு லிஸ்ட் எழுதிக்கொடுத்தால் பதிந்து தருகிற ரெக்கார்டிங் கடையில் டி.டி.கே. கேசட் கொடுத்து, இந்தக் கீச்சுச் சத்தத்தையும் அப்படியே பதிந்து தாருங்கள் என்றால் தருவார்கள், ஒரு மாதிரி பார்த்துவிட்டு. அபர்சாஃப்டுக்காரர்கள் விற்ற சரக்கு அது என்று எங்கள் யாருக்கும் உறுத்தவில்லை. இளையராஜா பாட்டுக்கும் உறுத்தாத காலம். பதிந்தது ஏறாவிட்டால் டேப்பின் ஹெட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கடிகார ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை திருப்ப வேண்டும், சத்தம் கூர்மையாகக் கேட்கும்வரை. ஏறி முடிக்க ஒரு நிமிடத்துக்குமேல் ஆகும். ஃபோர்த் தவறைச் சுட்டிக்காட்டித் திருத்துகிற மொழியல்ல. “ஒரு எடம் தப்பா போச்சுன்னா மொத்தமும் போச்சு பாப்பா” என்பார் அண்ணன். திரை உறையும், மறுபடி கேசட்டைச் சுற்ற வேண்டும். எங்கள் ஊர் கரண்ட் அந்த வேலையை இன்னும் அடிக்கடி செய்தது.

தாள்தான் என் பொறுப்பு. ஃபோர்த்தில் நிரலை ஸ்கிரீன் ஸ்கிரீனாக எழுதுவார்கள். ஒன்றுக்கு 16 வரி, வரிக்கு 64 எழுத்து, ஆக 1024. ஸ்பெக்ட்ரம் திரையில் வரிக்கு 32 எழுத்துதான் வரும் என்பதால் ஒவ்வொரு வரியும் இரண்டாக உடைந்து அசிங்கமாக இருக்கும். டைப்ரைட்டர் தாளிலோ 64 எழுத்து அளவெடுத்தது போல உட்காரும். பக்கத்துக்கு மூன்று ஸ்கிரீன். சேலத்தில் ஒரு லெக்சரர், பெங்களூரில் இரண்டு பேர், ஓசூர் தொழிற்சாலையிலேயே ஒருவர் என்று அண்ணனின் கூட்டம் சின்னது. கார்பன் வைத்து நான்கு பிரதி அடித்தால் போதும். ‘அட்’ குறிக்குச் சாவி இருந்தது, விலைப்பட்டியல் அடிக்கத் தேவை என்பதால். கோண அடைப்புக்கும் சதுர அடைப்புக்கும் இல்லை. இடம் விட்டு அடித்து, பிறகு பேனாவால் நான்கு பிரதியிலும் போட்டேன்.

கடைசிக் கார்பன் பிரதி யாருக்குப் போகிறது என்பதில் தகராறு வரும். அதில் புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாது. ஃபோர்த்தில் புள்ளி என்றால் விடையைத் திரையில் காட்டு. காற்புள்ளி என்றால் எண்ணை அகராதிக்குள் எழுதிவிடு. ஒன்று பேசும், மற்றொன்று விழுங்கும். ஓசூர்க்காரர் ஒருநாள் நேரே இன்ஸ்டிடியூட்டுக்கே வந்து, “ஏம்மா, எனக்கு மட்டும் அடிப்பிரதியா?” என்றார். அதன்பிறகு காற்புள்ளிகளைச் சிவப்பு இங்க்கில் சுழித்துக் கொடுத்தேன்.

டைப் அடிப்பவளுக்கு அடிப்பது புரிய வேண்டியதில்லை. எனக்குப் புரிந்ததற்குக் காரணம் அந்த மொழியின் வாக்கிய அமைப்பு. பேசிக்கில் ‘அச்சிடு 2 + 3’ என்று செயலை முன்னால் சொல்ல வேண்டும். ஃபோர்த்தில் 2 3 + என்று எழுத வேண்டும். இரண்டையும் மூன்றையும் கூட்டு. எண்கள் ஒரு அடுக்கில் போய் உட்காரும். பின்னால் வருகிற வினை, மேலே இருக்கும் இரண்டை எடுத்துக் கூட்டி விடையை வைக்கும். ஆங்கிலப் புத்தகங்கள் இதைப் பெரிய தலைகீழ்ப் பாடம்போல விளக்கிக்கொண்டிருந்தன. எங்களுக்கு அதில் தலைகீழ் ஏதும் தெரியவில்லை. அண்ணனின் ஓசூர் நண்பருக்கு வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், அவருக்கும் தெரியவில்லை. இந்த மூன்று மொழியிலும் வினை கடைசியில்தான் வரும்.

அதோடு, ஃபோர்த்தில் யாரும் புதுச் சொல் சேர்க்கலாம். முக்கால்புள்ளி போட்டு, சொல்லை எழுதி, அதற்கு அர்த்தம் சொல்லி, அரைப்புள்ளியில் முடித்தால் அது மொழியின் ஒரு பகுதியாகிவிடும்; கூட்டல் கழித்தலுக்கு இருக்கிற அதே மரியாதை. புளி வியாபாரம் செய்த எங்கள் சித்தப்பாவுக்காக அண்ணன் எழுதியதில் இரண்டு வரி எனக்கு இன்னும் மனப்பாடம். அன்று தமிழ் எழுத்து ஏது, ரோமனில்தான் அடித்தார்; இங்கே தமிழில் தருகிறேன்:

: மூட்டை 50 * ;
: கிலோ + ;

இவ்வளவுதான். பிறகு 12 மூட்டை 8 கிலோ என்று அடித்தால் 608 தயாராக இருக்கும். மூட்டைக்கு 50 கிலோ. 12ஐ அதனால் பெருக்கினால் 600. கிலோ என்ற சொல் முன்னால் வந்த 8ஐ அதோடு கூட்டிவிடும். சித்தப்பா பேசுகிற கணக்கே நிரல். ஆனால் விலை போட்டபோது சித்தப்பா முகம் மாறிவிட்டது. கிலோ ஆறு ரூபாய் என்று பைசாவில் 600ஆல் பெருக்கினால் திரையில் -28416 என்று வந்தது. “சரக்கு குடுத்தவன் நான், கடன்காரனும் நானா?” என்றார். 16 பிட் எண்ணில் 32767க்கு மேல் கொள்ளாது. அதைத் தாண்டினால் மைனஸ் பக்கம் போய்த் திரும்பும். இரட்டை அளவில் விடை தருகிற வேறொரு பெருக்கல் சொல் ஃபிக் ஃபோர்த்தில் உண்டு. அண்ணன் அதை மாற்றிப் போட்டு 364800 காட்டியும் சித்தப்பா நோட்டுப் புத்தகத்தைவிட்டு வரவில்லை. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ரோமனில் தமிழ் எழுதுவதற்கு ஃபிக் வகை ஃபோர்த் வசதியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூரின் ஆரம்பகால ஃபோர்த் ஒரு சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் மொத்தம் எத்தனை எழுத்து என்பதையும் மட்டும்தான் நினைவில் வைக்கும். வாங்கு, வாசல் இரண்டும் ரோமனில் ஆறெழுத்து, முதல் மூன்றும் ஒன்றே. வாங்கு என்றால் வாசல் வந்து நிற்கும். நெடிலுக்கு இரண்டு எழுத்து போடுகிற நமக்கு அது பெரிய தலைவலி. ஃபிக்காரர்கள் 31 எழுத்துவரை முழுச்சொல்லையும் வைத்துக்கொண்டார்கள்.

இந்த வசதியே கூட்டத்தைக் கலைத்தது என்றும் சொல்ல வேண்டும். ஆளாளுக்கு அகராதி வளர்ந்தது. சேலத்து லெக்சரர் அனுப்பிய ஸ்கிரீன் அண்ணன் மெஷினில் பாதிக்குமேல் புரியாது. அவருடைய சொற்களையெல்லாம் முதலில் ஏற்ற வேண்டும். வெளிநாட்டில் ஃபோர்த்-79, ஃபோர்த்-83 என்று தரம் வகுத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று புது வழக்கு வந்தது. ஸ்பெக்ட்ரத்தை உருவாக்கியவர்களில் இருவர், ரிச்சர்ட் ஆல்ட்வாசரும் ஸ்டீவன் விக்கர்ஸும், 1982இல் பேசிக்குக்குப் பதில் ஃபோர்த்தையே ரோமில் பதித்து ஜூப்பிட்டர் ஏஸ் என்ற கணினியை 89.95 பவுண்டுக்கு விற்றார்கள். அடுத்த வருஷமே கம்பெனி மூழ்கியது. இங்கே 1990 வாக்கில் பி.சி. வந்ததும் எல்லோரும் டிபேஸ், சி என்று போய்விட்டார்கள்; எங்கள் மாடியிலும் அந்த போர்டு மாட்டினோம்.

மொழி மட்டும் வேறிடங்களில் பிழைத்துக் கிடந்தது. சன் நிறுவனத்தின் கணினிகளும் ஆப்பிளின் பவர்பிசி மெக்குகளும் ஆன் செய்தவுடன் முதலில் விழித்தது ஃபோர்த்தில்தான். 2014இல் வால்நட்சத்திரத்தில் இறங்கிய ஃபிலே கலத்துக்குள் இருந்தது ஃபோர்த்துக்காகவே வடிவமைத்த சில்லு.

தமிழில் நிரல் எழுத முத்து அண்ணாமலை எழில் என்ற மொழியைச் செய்திருக்கிறார். பதிப்பி, நிரல்பாகம், முடி என்று சொற்கள் எல்லாம் தமிழ். மாணவர்களுக்கு நல்லது. ஆனால் அதிலும் ‘பதிப்பி’ முன்னால் வந்து நிற்கிறது, பேசிக் வழியில். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஜிஃபோர்த் என்ற இலவச ஃபோர்த் இன்று எந்த லினக்ஸ் கணினியிலும் ஓடுகிறது. அதில் சொற்களை யூனிகோடு தமிழிலேயே எழுதலாம். 64 பிட் என்பதால் சித்தப்பாவைக் கடன்காரராக்கிய சிக்கலும் இல்லை: 12 மூட்டை 8 கிலோ 600 * என்று அடித்துப் புள்ளி வைத்தால் 364800 என்று நேராக வருகிறது. அண்ணனுக்குக் காட்டினேன். பைசா எதற்கு, இப்போது ரூபாயிலேயே போடலாமே என்றார்.