ஷெமீஸ் என்னும் சொல்

தமிழகத்தில் சிறுமியர் சட்டைக்குள் அணியும் கையில்லா உள்ளாடைக்குச் ‘சிம்மீஸ்’ என்பது பெயர். ‘ஷெமீஸ்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழி வந்து இவ்வாறு மருவியது. வடநாட்டில் வாழும் நம் செவியில் நாள்தோறும் விழும் ‘கமீஸ்’ என்பதையும் இதன் திரிபென்றே கூறுவார் உளர். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு அங்ஙனம் துணிதல் பொருந்தாது. இவை தாயும் மகளும் அல்ல. ஒரு குடிப் பிறந்த உறவினர்.

பிற்கால இலத்தீனில் ‘கமிசியா’ என்றொரு சொல் உண்டு. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெரோம் பபியோலா என்னும் மாதரசிக்கு வரைந்த மடலில், குருமார் உடையை விளக்கப் புகுந்து, போர்வீரர் உடலோடு ஒட்ட அணியும் லினன் ஆடையை இச்சொல்லால் சுட்டுகிறார். இலத்தீனின் சொன்முதற் ககரம் அகரத்தோடு கூடுமிடத்துப் பிரெஞ்சில் ஷகரமாகத் திரியும். குதிரையைக் குறித்த ‘கபல்லுஸ்’ ‘ஷெவால்’ ஆனாற்போலக் ‘கமிசியா’ ‘ஷெமீஸ்’ ஆயிற்று. கன்னடத்தார் ‘கிவி’ என்பதை நாம் ‘செவி’ என்கிறோம் அன்றோ! அராபியரின் ‘கமீஸ்’ இத்திரிபை அறியாதது; திருக்குர்ஆனில் யூசுப் நபியின் சட்டைக்கு அதுவே பெயர். உருதுவில் வழங்குவது அச்சொல்லே. போர்த்துக்கீசியரின் ‘கமிசா’வும் ககரம் கெடாமலே கடல் கடந்து, சிங்களத்தில் ‘கமிசய’ என்றும் மலாயில் ‘கெமேஜா’ என்றும் வழங்கலாயிற்று.

இச்சொல்லால் ஓர் அரசி பழி சுமந்த வரலாறும் உண்டு. 1783இல் பாரிஸ் ஓவியக் காட்சியில், விழே லெ பிரன் என்னும் பெண் ஓவியர் தீட்டிய மாரி அந்துவானெத்தின் படம் வைக்கப்பட்டது. அரசி உடுத்தியிருந்தது எளிய வெண்மசுலின் உடை. உள்ளாடையோடு காட்சி தருகிறாள் என்று ஊர் அலர் தூற்றவே, படம் அகற்றப்பட்டது. பட்டுடையில் அவள் தோன்றும் வேறொரு படம் அவ்விடத்தைப் பெற்றது. பிரெஞ்சுப் பட்டை ஒதுக்கி அயல்நாட்டுப் பருத்தியை விரும்பினாள் என்ற குற்றமும் சேர்ந்தது. அந்நாளில் ஐரோப்பா சென்ற மசுலினில் நம் வங்கத்துத் தறிகளின் பங்கு பெரிது என்பதை நாம் மறத்தலாகாது. ‘அரசியின் ஷெமீஸ்’ என்ற பெயரோடு அவ்வுடை பின்னர்ப் பெருவழக்காயிற்று. தூற்றியவர் மனைவியரும் அதனை உடுத்தியிருத்தல் கூடும்! 1793இல் கில்லட்டின் மேடையேறியபோதும் அவள் அணிந்திருந்தது வெள்ளுடையே.

இன்றைய பிரான்சில் ஷெமீஸ் என்றால் பெரும்பாலும் ஆடவர் மேற்சட்டை. அலுவலகத்தில் தாள்களைப் பொதிந்து வைக்கும் அட்டைக்கும் அதுவே பெயர். பெண்டிர் உள்ளாடை என்னும் பொருளோ ஆங்கிலத்திலும், ஜப்பானியரின் ‘ஷுமீஸு’விலும், நம் வீட்டுச் சிம்மீஸிலும் தங்கிவிட்டது.