சி டிரைவுக்கு எவ்வளவு? ஒரு பாகப்பிரிவினையின் வரலாறு

வீட்டுக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதைப் பூட்டிக் கொடுக்க வந்த பையன் கேட்ட கேள்வி உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: "சார், சி-க்கு எவ்வளவு போடட்டும்?" "நீயே பார்த்துப் போடுப்பா" என்றுதான் பெரும்பாலோர் சொல்லியிருப்போம். அந்தக் கேள்விக்குப் பின்னால் பல ஆண்டு வரலாறு இருக்கிறது.

1983-ல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்ற கணினியை 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க்குடன் வெளியிட்டது. ஏ, பி என்ற எழுத்துகள் ஏற்கெனவே ஃபிளாப்பிகளுக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க்குக்கு சி கிடைத்தது. ஒரு டிஸ்க்கை நான்கு பாகம் வரை பிரிக்க அப்போதே வழி இருந்தது. ஆனால் அது ஒரே டிஸ்க்கில் வெவ்வேறு இயங்குதளங்கள் குடியிருப்பதற்காக. டாஸுக்கு ஒரு பாகம்தான்.

அந்த ஒரு பாகத்துக்கும் உச்சவரம்பு இருந்தது. டிஸ்க்கில் உள்ள செக்டார் ஒவ்வொன்றும் 512 பைட். அவற்றை எண்ண டாஸ் வைத்திருந்தது 16 பிட் எண். அதாவது 65,536 வரைதான் எண்ணிக்கை. பெருக்கிப் பாருங்கள், 32 எம்.பி. வரும். டிஸ்க்குகள் அதைத் தாண்டி வளர்ந்ததும், 1987-ல் வந்த டாஸ் 3.3 மிச்சத்தை டி, இ என்று தனித்தனியாகப் பயன்படுத்த வழி செய்தது. நான் அலுவலகத்தில் முதலில் தொட்ட கணினியில் 40 எம்.பி. டிஸ்க். சி 32, டி 8. எங்கள் சம்பளப் பட்டியல் முழுவதும் அந்த 8 எம்.பி.க்குள் அடங்கியிருந்தது. அந்த அளவை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை; 16 பிட் எண்தான் தேர்ந்தெடுத்தது.

1988-ல் டாஸ் 4.0 அந்த வேலியை உடைத்தது. பிறகு 2 ஜி.பி. வரை ஒரே பாகமாக வைக்க முடிந்தது. ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். டிஸ்க்கில் இடம் கிளஸ்டர் என்ற கட்டங்களாகத்தான் ஒதுக்கப்படும். பாகம் பெரிதானால் கட்டமும் பெரிது. 2 ஜி.பி. பாகத்தில் ஒரு கட்டம் 32 கே.பி. லாட்ஜில் ஒருவர் தங்கினாலும் அறை முழுவதும் அவர் பெயரில்தானே? அதுபோல ஒரு கே.பி. கடிதமும் 32 கே.பி. இடத்தை அடைத்துக்கொள்ளும். கோப்புக்குச் சராசரியாக அரைக் கட்டம் வீண் என்று வைத்தால், 10,000 கோப்புகளில் ஏறக்குறைய 160 எம்.பி. போய்விடும். அதையே 500 எம்.பி. பாகங்களாகப் பிரித்தால் கட்டம் 8 கே.பி., வீணாவது 40 எம்.பி.தான். அந்நாளில் விவரம் தெரிந்தவர்கள் நாலைந்து டிரைவாகப் பிரித்ததற்கு இதுதான் காரணம்.

1996-ல் ஃபேட்32 வந்ததும் இந்தக் கட்டாயமும் போயிற்று. 8 ஜி.பி. பாகத்திலும் கட்டம் 4 கே.பி.தான். ஆனாலும் பிரிக்கும் பழக்கம் போகவில்லை; அதற்கு வேறொரு காரணம் கிடைத்தது. வைரஸ் புகுந்தால் சி-யை அழித்து விண்டோஸை மறுபடி போடுவார்கள்; டி-யில் உள்ளது தப்பிக்கும்.

இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். என் நண்பர் ஒருவர் தம் அறுபதாம் கல்யாணப் புகைப்படங்களைக் கணினித் திரையிலேயே, அதாவது டெஸ்க்டாப்பில், வைத்திருந்தார். பழுது பார்க்க வந்தவர் சி-யை ஃபார்மட் செய்துவிட்டு, "டி-யை நான் தொடவே இல்லை சார்" என்றார். உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்ஸும் இருப்பது சி-யில் என்பதை நண்பருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த விழாவுக்கு வந்த பெரியவர்களில் பலர் இன்று இல்லை. படங்களும் இல்லை.

சி-யின் பசியும் வளர்ந்துகொண்டே வந்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்.பி. கேட்டது 1.5 ஜி.பி. 2009-ல் விண்டோஸ் 7 கேட்டது 16 முதல் 20 ஜி.பி. 2021-ல் விண்டோஸ் 11 கேட்பது 64 ஜி.பி. இவையெல்லாம் குறைந்தபட்ச அளவுகள். எக்ஸ்.பி. காலத்தில் தாராளமாக இருந்த 20 ஜி.பி. இன்று கால் வைக்கவும் போதாது.

ஆகவே இன்று என்னைக் கேட்டால், 256 ஜி.பி. டிஸ்க்கைப் பிரிக்கவே வேண்டாம் என்பேன். பெரிய டிஸ்க்காக இருந்து பிரித்தே ஆகவேண்டுமென்றால், சி-க்கு 200 ஜி.பி.க்குக் குறையாமல் விடுங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் இருப்பிடத்தை டி-க்கு மாற்றச் சொல்லுங்கள். அவற்றின் பிராப்பர்டீஸில் லொகேஷன் என்ற பகுதியில் அதற்கு வசதி இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சி, டி இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய படங்களுக்கு வெளியே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதிலும் ஒரு பிரதி வையுங்கள்.