பப்பாளிப் பாலும் செரிமான மருந்தும்

போலாரத்தில் குடியேறி வாழும் நாம், ஹைதராபாத் சமையலறைகளில் பச்சை இறைச்சிப் பிரியாணிக்குப் பப்பாளிக்காய் விழுது பிசறப்படுவதைக் காண்கிறோம். முற்றிய ஆட்டிறைச்சியுடன் பப்பாளிக்காய்த் துண்டொன்றை இட்டு வேகவைக்கும் வழக்கம் நம் தமிழகத்திலும் உண்டன்றோ?

அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் இந்நாடு வந்த மரம் இது. அடுக்களை அறிந்திருந்த உண்மையை ஆராய்ந்தவருள் ஜி. சி. ராய் குறிப்பிடத்தக்கவர். பப்பாளிச் சாறு புரத உணவுகளைக் கரைக்கும் திறத்தை 1873-இல் கல்கத்தா மருத்துவ இதழொன்றில் அவர் எழுதினார். பின்னர் 1879-இல் பிரான்சு நாட்டின் வூர்ட்ஸ், பூஷு என்னும் இருவரும் காயின் பாலிலிருந்து அந்நொதியைப் பிரித்தெடுத்தனர். 'பப்பெயின்' எனப் பெயர் பெற்ற அது செரிமான மருந்துகளிலும் இடம் பெற்றது.

ஆயினும் பப்பெயின் சிதைப்பது புரதத்தையே. கொழுப்பையும் மாவுப்பொருளையும் அன்று. கணையம் நலிந்தோர்க்கு இம்மூன்றையும் செரிக்கவல்ல 'பாங்கிரியாட்டின்' வேண்டும். பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் அம்மருந்தை மருத்துவர் அளவறிந்து தருவர்.

விருந்துண்ட மந்தம் பெரும்பாலும் தானே தணியும். மலம் எண்ணெய்ப் பசையுடன் கழிந்து, உடலும் மெலிந்துவரின், கடை மாத்திரையை நம்பிக் காலங் கடத்தாது மருத்துவரை நாடுவோமாக.